சர்வேயர் போட்ட கணக்கை நீங்களும் ஒருமுறை போட்டுப் பாருங்க



எஞ்சினியரிங் எகனாமிக்ஸ் பேப்பர்ல டிப்ரிசியேஷன் கணக்கு போட்டு பதிமூணு மார்க் வாங்கினவங்க நம்மில் நிறைய பேர் இருப்போம். நானும் வாங்கினேன். ஆனா எங்க வீட்டுக் கார் அடிபட்டு, இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு பக்கக் கணக்குத் தாள் வந்தப்போதான், அந்தப் பாடம் நிஜ வாழ்க்கையில் எங்கே இருக்குன்னு எனக்குப் புரிந்தது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் பாடமாகவே எழுதியிருக்கிறேன். உங்க வீட்டிலும் ஒரு பைக்கோ காரோ இருக்கும். என்றைக்காவது ஒருநாள் இது தேவைப்படும். தேவைப்படாமலே போனால் ரொம்ப சந்தோஷம்.

என்ன நடந்தது

2024 நவம்பர் 2, சனிக்கிழமை. தீபாவளி முடிந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் சென்னை பக்கம் திரும்புகிற கூட்டம் எப்படி இருக்கும்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேல்மருவத்தூர் தாண்டி முன்னாடி போன லாரி சட்டென்று பிரேக் போட, அப்பா பிரேக் மிதித்தும் இடதுபக்கம் போய் இடித்துவிட்டது. யாருக்கும் அடி இல்லை. காருக்குத்தான் முகம் போச்சு.

ஒர்க்‌ஷாப் கொடுத்த பில் 90,000 ரூபாய். இன்சூரன்ஸ் கம்பெனி தருவதாகச் சொன்னது 54,200. மீதி 35,800 அப்பா கையிலிருந்து கொடுக்கணும். அந்த மாசம்தான் என் கடைசி வருஷத்துக்கு முந்தின செமஸ்டர் ஃபீஸும் கட்டணும். அப்பா, "போனா போகுதுப்பா, அவங்க பெரிய கம்பெனி, அவங்க போட்டா சரியாத்தான் இருக்கும், கையெழுத்து போட்டு அனுப்பிடலாம்" என்றார்.

எனக்கு இதில் ஒரு குற்ற உணர்ச்சியும் இருந்தது. அதற்கு முந்தின வருஷம் பாலிசியை ஆன்லைன்ல ரின்யூ பண்ணியது நான்தான். 'ஜீரோ டிப்ரிசியேஷன்' என்ற கட்டத்தில் இருந்த டிக்கை எடுத்துவிட்டு, பிரீமியம் குறைந்ததைப் பார்த்து அப்பாவிடம் பெருமையாக வேறு சொன்னேன். அதனால் அந்தத் தாளை வாங்கி ஹாஸ்டலுக்குக் கொண்டு வந்து, வரி வரியாக உட்கார்ந்து படித்தேன்.

முதல் பாடம்: ரெண்டு விதமான மதிப்பு இருக்கு

அடிபட்ட வண்டிக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கணக்கிடுவது ரெண்டு வழியில். எந்த வழி உங்களுக்குப் பொருந்தும்னு முதலில் தெரியணும்.

ஒன்று, முழு இழப்பு. பாலிசி முதல் பக்கத்தில் ஐ.டி.வி. என்று ஒரு தொகை இருக்கும். கம்பெனி அறிவித்த விற்பனை விலையில், வண்டியின் வயசுக்கு ஏற்ப இவ்வளவு சதவீதம் என்று கழித்து வருவது அது. ஆறு மாசம் வரை 5, ஒரு வருஷம் வரை 15, ரெண்டு வரை 20, மூணு வரை 30, நாலு வரை 40, அஞ்சு வரை 50 சதவீதம் கழியும். அஞ்சு வருஷத்துக்கு மேல் போனால் நீங்களும் கம்பெனியும் பேசி முடிவு செய்வது. ரிப்பேர் செலவு இந்த ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால், வண்டியை முழுசா போனதாகவே கணக்கில் எடுப்பார்கள்.

ஒரு உதாரணம். வண்டியின் விலை 6,00,000, பாலிசி எடுக்கும்போது வயசு ரெண்டரை வருஷம் என்றால் ஐ.டி.வி. 4,20,000. அதில் 75 சதவீதம் 3,15,000. எஸ்டிமேட் அதைத் தாண்டினால் உங்களுக்கு வரவேண்டியது 4,20,000-ஐ ஒட்டிய தொகை. இங்கேதான் ஒரு தகராறு வரும். "இப்போ மார்க்கெட்ல இந்த வண்டி 3,50,000-க்குத்தான் போகுது சார்" என்று சிலர் சொல்லுவார்கள். பாலிசி விதி என்ன சொல்லுதுன்னா, முழு இழப்புக்கு அந்த ஐ.டி.வி.தான் பாலிசிக் காலம் முழுக்க மார்க்கெட் மதிப்பு. அதுக்கு மேல மறுபடி டிப்ரிசியேஷன் கழிக்கக் கூடாது. அடிபட்ட வண்டியை நீங்களே வச்சுக்கோங்கன்னு சொல்லி அதன் விலையைக் கழித்தால், அந்த விலை எந்த ஏலத்தில், யார் கேட்டதுன்னு எழுத்தில் கேளுங்க.

இன்னொன்று, பகுதி இழப்பு. ரிப்பேர் பண்ணி ஓட்டலாம் என்கிற நிலை. எங்க கேஸ் இதுதான். இதில் கணக்கு பாகம் பாகமாகப் போகும்.

ரெண்டாவது பாடம்: எந்தப் பாகத்துக்கு எவ்வளவு கழிக்கலாம்

இது ரகசியம் எதுவும் இல்லை. பாலிசி புத்தகத்தில் அட்டவணையாகவே அச்சாகி இருக்கும். நம்மில் யாரும் அந்தப் பக்கம் வரை ஸ்க்ரோல் பண்ணுவதில்லை, அவ்வளவுதான்.

ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்கள், டயர், டியூப், பேட்டரி, ஏர்பேக்: 50 சதவீதம் கழியும்.
ஃபைபர் கிளாஸ் பாகங்கள்: 30 சதவீதம்.
கண்ணாடி: எதுவும் கழியாது.
உலோகப் பாகங்கள் வண்டியின் வயசைப் பொறுத்தது. ஆறு மாசம் வரை கழிவு இல்லை. அதன்பின் ஒரு வருஷம் வரை 5, ரெண்டு வரை 10, மூணு வரை 15, நாலு வரை 25, அஞ்சு வரை 35, பத்து வரை 40, அதற்கு மேல் 50 சதவீதம்.
பெயின்ட்: பெயின்ட் பொருளின் விலைக்கு மட்டும் 50 சதவீதம் கழியும். பில்லில் பொருளும் கூலியும் பிரிக்காமல் மொத்தமாக இருந்தால், மொத்தத்தில் கால் பங்குதான் பொருள் என்று வைத்துக்கொள்ளணும்.

லேபர் சார்ஜுக்கு டிப்ரிசியேஷன் கிடையாது. கடைசியில் கட்டாயக் கழிவு ஒன்று உண்டு. 1500 சி.சி. வரையிலான காருக்கு அது 1,000 ரூபாய். கழற்றிய பழைய பாகத்துக்கு ஏதாவது விலை தேறினால் அதையும் கழிப்பார்கள்.

ஜீரோ டிப்ரிசியேஷன் எடுத்திருந்தால் பாகங்களுக்கான இந்தக் கழிவு பெரும்பாலும் இருக்காது. நான் டிக்கை எடுத்தது ஞாபகம் இருக்கில்லையா? சரி, மேலே போவோம்.

மூணாவது பாடம்: அதே கணக்கை நீங்களே போடுங்க

எங்க பில் இது.

உலோகப் பாகங்கள் 30,000 (பானெட் 9,000, இடது ஃபெண்டர் 4,000, ரேடியேட்டர் சப்போர்ட் 5,000, ஏ.சி. கண்டென்சர் 8,000, லோயர் ஆர்ம் 4,000)
பிளாஸ்டிக் 16,000 (பம்பர், கிரில், ஹெட்லைட்)
முன் கண்ணாடி 8,000
பெயின்ட் 16,000
லேபர் 14,000
பின் கதவு நெளிவு எடுக்க 6,000
மொத்தம் 90,000

சர்வேயர் தந்தது:

உலோகம் 16,900
லோயர் ஆர்ம் ரிப்பேருக்கு 800
பிளாஸ்டிக் 8,000
கண்ணாடி 8,000
பெயின்ட் 8,000
லேபர் 14,000
பின் கதவு 0
கூட்டினால் 55,700. கட்டாயக் கழிவு 1,000, பழைய பாகம் 500 போக 54,200.

இதை அட்டவணையோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பிளாஸ்டிக் சரி. கண்ணாடி சரி. லேபர் சரி. மூணு இடத்தில் இடித்தது.

முதலாவது, பெயின்ட். 16,000-ஐ அப்படியே பாதியாக்கியிருந்தார். விதிப்படி 16,000-இல் கால் பங்கு 4,000. அதில் பாதி 2,000. கழியவேண்டியது 2,000 மட்டும்தான். வரவேண்டியது 14,000. வித்தியாசம் 6,000.

ரெண்டாவது, வண்டியின் வயசு. எங்க கார் பதிவானது 2020 நவம்பர் 14. விபத்து நடந்த அன்று அதற்கு நாலு வயசு முடிய இன்னும் 12 நாள் இருந்தது. ஆக 25 சதவீதம். ஆனா ஒர்க்‌ஷாப் பில் தேதி நவம்பர் 29. அந்தத் தேதியை வைத்து நாலு வருஷம் தாண்டியதாக எடுத்து 35 சதவீதம் கழித்திருந்தார்கள். இழப்பு நடந்தது விபத்து அன்று. ஒர்க்‌ஷாப்ல ஸ்பேர் வர லேட்டானதுக்கு வண்டிக்கு வயசு கூடாது. 26,000-க்கு 10 சதவீதம், 2,600 ரூபாய்.

மூணாவது, லோயர் ஆர்ம். இதுதான் பணத்தை விட முக்கியம். சக்கரத்தையும் வண்டியின் உடலையும் இணைக்கிற பாகம் அது. பிரேக் பிடிக்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் வருகிற விசை அதன் வழியாகத்தான் போகுது. அது வளைந்திருந்தது. மாற்ற வேண்டாம், நிமிர்த்தினால் போதும் என்று சர்வேயர் 800 ரூபாய் மட்டும் போட்டிருந்தார். ஒருமுறை யீல்ட் ஆகி வளைந்த எஃகைத் தட்டியோ சூடு வைத்தோ நிமிர்த்தினால் வடிவம் திரும்ப வரலாம். பழைய பலம் வரும் என்று சொல்ல முடியாது. உள்ளே விரிசல் இருந்தால் வெளியே தெரியவும் தெரியாது. "நிமிர்த்திடலாம்ப்பா, எல்லாரும் அப்படித்தானே பண்றாங்க" என்று அப்பா சொன்னபோது, அந்தக் காரில் தினம் போகப்போவது அவரும் அம்மாவும் என்பதுதான் என் மனசில் ஓடியது. புதுசு போட்டால் 4,000-இல் 25 சதவீதம் போக 3,000 வரணும். தந்தது 800. வித்தியாசம் 2,200.

மூணையும் கூட்டினால் 10,800. ஆக எங்களுக்கு வரவேண்டியது 65,000.

பின் கதவு? அதில் சர்வேயர் சொன்னதுதான் சரி. அது எங்க தெருவிலேயே ஒரு கேட்டில் உரசியது, பழைய அடி. முன்னால் இடித்த விபத்தில் பின் கதவு எப்படி நெளியும்? "சேர்த்துப் போடுவோம், வந்தா வரட்டும்" என்று ஒர்க்‌ஷாப்ல சொன்னதுக்கு நாங்க தலையாட்டியிருக்கக் கூடாது. அந்த ஒரு வரி இருந்ததால் மற்ற வரிகளிலும் நம்ம பேச்சுக்கு மதிப்பு குறையும். மெயில் எழுதும்போது முதல் வரியிலேயே அதை விட்டுவிடுவதாக எழுதினேன்.

நாலாவது பாடம்: எப்படிக் கேட்கணும்

போனில் சண்டை போட்டுப் பயனில்லை. கஸ்டமர் கேர்ல பேசுகிறவருக்கு உங்க லோயர் ஆர்ம் பற்றி எதுவும் தெரியாது. எழுத்தில் கேளுங்க.

முதலில் சர்வே ரிப்போர்ட் காப்பி கேளுங்க. கேட்டால் அது உங்களுக்குக் கிடைக்க வேண்டிய ஆவணம். எங்களுக்கு வந்தது வெறும் சுருக்கத் தாள். முழு ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிய பிறகுதான் அந்த 35 சதவீதம் கண்ணில் பட்டது.

அடுத்து, "ரொம்பக் கம்மியா இருக்கு, கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்று எழுதாதீங்க. எந்த வரி, என்ன தப்பு, எந்த விதி, எவ்வளவு ரூபாய், என்ன ஆதாரம்: இந்த அஞ்சும் இருக்கணும். நான் எழுதியதில் ஒரு பகுதி:

"மதிப்பீட்டில் பெயின்ட் செலவு 16,000 ரூபாயில் 8,000 கழிக்கப்பட்டுள்ளது. பாலிசி நிபந்தனைப்படி மொத்த பெயின்ட் செலவில் 25 சதவீதத்தைப் பொருளின் விலையாகக் கொண்டு, அதில் மட்டுமே 50 சதவீதம் கழிக்க வேண்டும். எனவே கழிவு 2,000 ரூபாய். மீதி 6,000 ரூபாயைச் சேர்த்து மதிப்பீட்டைத் திருத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். பாலிசியின் அந்தப் பக்கம் இணைக்கப்பட்டுள்ளது."

அப்பா பெயரில், அப்பா மெயிலில் இருந்துதான் அனுப்பினோம். பாலிசிதாரர் அவர்தானே.

சர்வேயரே போன் பண்ணினார். "தம்பி, பெயின்ட்டும் வயசும் நீங்க சொன்னது சரிதான், மாத்திடறேன். ஆர்ம் மட்டும் ஆகாது" என்றார். கோபமாக இல்லை, தன்மையாகத்தான் பேசினார். ஒரு நாளைக்கு அவர் எத்தனை வண்டி பார்க்கிறாரோ! எல்லாத் தப்பும் ஏமாற்று வேலைன்னு முடிவு கட்ட வேண்டாம். ஆனா தப்பு யார் பண்ணினாலும் போவது நம்ம பணம்.

ஆர்முக்கு ஒர்க்‌ஷாப் அண்ணனிடம் போய் நின்றேன். "அண்ணே, இதை நிமிர்த்தி மாட்டினா நீங்க கேரண்டி எழுதித் தருவீங்களா?" என்று கேட்டேன். "அதெப்படி தம்பி தர முடியும்?" என்றார். "அதையே எழுதிக் கொடுங்கண்ணே" என்றேன். வளைந்த பாகத்தின் போட்டோ, அலைன்மென்ட் ரிப்போர்ட், "இந்தப் பாகத்தை நிமிர்த்திப் பொருத்துவது பாதுகாப்பல்ல, மாற்ற வேண்டும்" என்று லெட்டர்பேடில் அவர் எழுதிய ரெண்டு வரி. இந்த மூணையும் வைத்து கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்பினோம். பத்து நாளில் அதுவும் வந்தது. மொத்தம் 65,000. அப்பா கையிலிருந்து போனது 25,000. அதுவும் சின்னத் தொகை இல்லைதான், ஆனா அது விதிப்படி எங்க பங்கு.

அங்கேயும் கேட்கலைன்னா?

இங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். இன்னும் படிகள் இருக்கு.

கம்பெனிக்குள் புகார் கொடுத்தும் ரெண்டு வாரத்தில் பதில் சரியில்லை என்றால், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 'பீமா பரோசா' தளத்தில் புகாரைப் பதியலாம். 155255 என்ற எண்ணிலும் சொல்லலாம்.

அடுத்தது இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில் இருக்கு. கம்பெனிக்கு எழுதி ஒரு மாசம் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ, ஒரு வருஷத்துக்குள் இங்கே போகலாம். 50 லட்சம் வரையிலான தனிநபர் தகராறுகளை எடுப்பார்கள். ஃபீஸ் இல்லை, வக்கீலும் வேண்டாம். தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். ஆனா அதே விஷயத்துக்கு ஏற்கெனவே கோர்ட்டுக்குப் போயிருந்தால் இங்கே எடுக்க மாட்டார்கள். அதனால் வரிசை முக்கியம்.

கடைசியாக மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்க குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ரெண்டு வருஷத்துக்குள் போடணும்.

இங்கெல்லாம் போகும்போது, "சர்வேயர் சொன்னதுதான் இறுதி" என்று யாராவது சொன்னால், 2009-இல் நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் எதிர் பிரதீப் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை நினைவில் வைத்துக்கோங்க. சர்வேயர் ரிப்போர்ட் கணக்கைத் தீர்க்க ஒரு அடிப்படைதான். கம்பெனியையோ பாலிசிதாரரையோ அது கட்டுப்படுத்தாது, அதுவே கடைசி வார்த்தையும் இல்லை என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். அதுக்காக ஆதாரம் இல்லாமல் அதைத் தள்ளிவிடலாம்னு அர்த்தம் இல்லை. ரிப்போர்ட்டில் என்ன தப்புன்னு காட்டவேண்டிய வேலை நம்முடையது.

கையெழுத்துக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

பணம் தரும் முன் ஒரு வவுச்சர் அனுப்புவார்கள். 'முழுமையான, இறுதியான தீர்வாக ஏற்கிறேன்' என்று இருக்கும். அப்பா போட இருந்த கையெழுத்து இதில்தான். போட்டுவிட்டாலே எல்லாம் முடிந்தது என்று இல்லை. ஏமாற்றியோ வற்புறுத்தியோ வாங்கிய கையெழுத்து மேற்கொண்டு கேட்பதைத் தடுக்காது என்று 1999-இல் யுனைடெட் இந்தியா எதிர் அஜ்மீர் சிங் காட்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. ஆனா வற்புறுத்தினார்கள் என்று நிரூபிக்கவேண்டியது நீங்கதான். அது லேசான வேலை இல்லை. அதனால் ஆட்சேபத்தை முதலில் மெயிலில் எழுதுங்க. பணம் அவசரம் என்றால், 'ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்' என்று சேர்த்து எழுதி வாங்கப் பாருங்க.

சுருக்கமா

இடித்த இடத்திலேயே எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்க. சர்வேயர் பார்க்கும் முன் எதையும் கழற்றவிடாதீங்க. மாற்றிய பாகங்களை உடனே கொடுத்துவிடாமல், தகராறு இருக்கும் பாகத்தையாவது தனியாக எடுத்து வைக்கச் சொல்லுங்க. பில்லில் பெயின்ட் பொருள், பெயின்ட் கூலி, லேபர் மூணையும் பிரித்துப் போடச் சொல்லுங்க. பழைய அடியைப் புது பில்லில் சேர்க்காதீங்க. சின்ன கீறலுக்கெல்லாம் கிளெய்ம் போடாதீங்க. கிளெய்ம் இல்லாத வருஷங்களுக்குக் கிடைக்கிற போனஸ் தள்ளுபடி போய்விடும், அது 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை போகக்கூடியது. ரின்யூ பண்ணும்போது பிரீமியம் குறையுதேன்னு ஐ.டி.வி.யைக் குறைக்காதீங்க.

அப்புறம், இந்த வருஷம் ரின்யூவல் வந்தப்போ அப்பா போனை என்னிடம் நீட்டி, "அந்த டிக்கை எடுத்துடாதடா" என்றார். எடுக்கலை.

இன்னைக்கு வீட்டுக்குப் போன் பண்ணும்போது பாலிசி புத்தகம் எங்கே இருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டு வையுங்க. அந்த அட்டவணைப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து உங்க போனிலும் வைத்துக்கோங்க. சந்திப்போம்!